எடைப் பேரேட்டின் ஓரம்

கூரியரில் ஒரு பொட்டலம் வந்திருக்கிறது,
மொதலாளி மகள் மதுரையிலிருந்து அனுப்பியது.
கடற்பாசி முகப்பொடி.
நூறு கிராம், எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
இருபத்தொரு நாள் பூசினால்
பார்த்தவர் பார்வை திரும்பாதாம்.

போன மாசியில்
இதே பாசியை இதே வேதாளை மணலில்
கிலோ எண்பது என்று எழுதிப் போட்டவள் நான்.

நம்புத்தாய் அக்கா பொட்டலத்தை முகர்ந்து பார்த்தாள்.
இருபத்தொரு வருஷமாகப் பாசிக்குள்ளேயே
கிடக்கிற முகம் அது.
கழுத்தளவுத் தண்ணீர், கண்ணில் கண்ணாடி,
விரலில் சுற்றிய பழைய துணி.
பொடி சொல்வது நிஜமென்றால்
குருசடைத் தீவு வரைக்கும்
ஆம்பளைகள் வரிசை நின்றிருக்க வேண்டும்.
நின்றதெல்லாம் வனத்துறைப் படகு.

"எம் புருஷன் கண்ணெடுக்காமப் பார்த்தது
ஒரே ஒரு தரம்டி,
சீட்டுப் பணம் எடுத்துட்டு வந்த அன்னிக்கு."

சிரித்தோம். ஆனாலும்
ஒருத்தியை வைத்து முடிவு கட்டக் கூடாது.
அவள் அதைப் பூசவில்லை, பிடுங்கினாள்.
பூசியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யார் கண்டது.

கடல் அட்டை கதை இன்னும் வேடிக்கை.
சாக்குச் சாக்காகப் பிடித்து
மண்டபத்தில் ஸ்டேஷன் வாசலில் அடுக்கியிருந்தார்கள்.
அக்கரையில் கொள்ளை விலை, ஆண்மைக்கு நல்லது என்று
டீக்கடையில் குரலைத் தாழ்த்திச் சொன்னார் ஒருவர்,
தான் தின்றதில்லை என்பதையும் சேர்த்து.
அட்டைக்கு முகம் கிடையாது, கண் கிடையாது.
மணலைத் தின்று மணலைக் கழித்துக் கிடக்கும்.
காலம் வந்தால் பாதி உடம்பைத் தூக்கி நின்று
வித்தைத் தண்ணீரில் விட்டுவிட்டு
யாரையும் பாராமல் படுத்துக்கொள்ளும்.
அதனிடம் போய்
ஆசையை எப்படிக் கடன் கேட்பது?

இவ்வளவும் பேசுகிற நான்,
லாரி ஓட்டும் ரெமிஜியுஸ்
காதோரம் எதையோ தடவிக்கொண்டு வந்த அன்று
தும்மினேன்.
விரலளவுக் குப்பி. பெரோமோன் என்று எழுதியிருந்தது.
"பொம்பளைங்க மூளைக்கு நேரா ஏறுமாம்" என்றான்,
என்னைப் பார்க்காமல், தார்ப்பாயைப் பார்த்து.
ஏறியது. தலைவலி.

சரி, சோதித்துவிடலாம்.
பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால்
தடவி வந்த நாளுக்கு ஒரு புள்ளி,
தடவாத நாளுக்கு ஒரு கோடு.
கச்சான் அடித்த நாளைத் தனியாகக் குறித்தேன்,
கருவாட்டு வாசமே நிற்காத காற்றில்
குப்பி எம்மாத்திரம்.
மனசை அளக்கக் கருவி இல்லை, தராசுதான் இருந்தது.
சாயங்காலம் மொதலாளி மறுபடி நிறுப்பார்.
அவர் கணக்குக்கும் என் கணக்குக்கும்
நடுவில் விழுந்த பிசகை எழுதி வைத்தேன்.

புள்ளி நாட்கள்: இரண்டு கிலோ, ஒன்றரை, இரண்டு.
கோட்டு நாட்கள்: இரண்டு, இரண்டே கால், ஒன்றரை.
கச்சானிலும் அதேதான்.
டீசலும் வேர்வையுமாக வந்து நின்ற
ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று.
லாரி பழுதாகி அவன் வராத வியாழக்கிழமை
எட்டு.
நம்புத்தாய் அக்கா மூட்டையைச்
சாத்தாயி பேரில் எழுதியிருந்தேன்.

பதினோரு நாள் போதாது, தெரியும்.
நிறுப்பவளே தட்டிலும் உட்கார்ந்தால்
கணக்கு செல்லாது, அதுவும் தெரியும்.
பாசி ஈரமாக இருந்திருக்கலாம்.
சம்பளத்தில் பிடித்தம் நானூற்று அறுபது.

இன்றைக்குக் கேட்டே விட்டான்,
"அது வேலை செய்யுதா?"
குப்பியில் பாதி மிச்சம்.

காலடியில் காய்வதற்கு மரிக்கொழுந்துப் பாசி என்று பேர்.
மரிக்கொழுந்து வாசம் ஒரு நாளும் அடித்ததில்லை.
பேருக்காக யாரும் மூழ்கி எடுப்பதுமில்லை.
இதைச் சொல்லலாமா என்று யோசித்து
"தெரியல" என்றேன்.
"இன்னும் ஒரு மாசம்
அது இல்லாம வந்து பாரு."

அவன் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான்.
ஒரே முடிச்சை மூன்று தரம் போட்டான்.
அதையும் குறித்துக்கொண்டேன்.