வாதி கபீர், ஆட்டக் கணக்கு, 2007

டெலிவரி நோட்டின் பின்பக்கத்தில்தான் எழுதினேன்.
ஒருபுறம் ஓடுகளின் அளவு,
மறுபுறம் ஓட்டங்களின் கணக்கு.

மஸ்கட், வாதி கபீர். டயர்க் கடைகளுக்குப் பின்னால்
தண்ணீர் மறந்துபோன படுகை
எங்கள் மைதானம்.
வடக்கு எல்லை குப்பைத்தொட்டி,
தெற்கு எல்லை முதலாளியின் பழைய நிசான்.
நிசானில் பட்டால் ஆறு.
கண்ணாடியில் பட்டால் ஆறும்
அந்த மாதச் சம்பளத்தில் பாதியும்.

உலகம் வேறெங்கோ கோப்பைகளைத் தூக்கிய ஆண்டு.
இங்கே நடந்தவை:

ஜனவரி தொடங்கி அப்பலநாயுடு, வெல்டர்,
ஆறு வெள்ளி, ஆறு பூஜ்யம்.
ஏழாவது வெள்ளி இரண்டு ஓட்டம் எடுத்தான்.
இரண்டு அணிக்கும் பெப்சி.

ஒரே டேப் பந்து, ஏழு வாரம்,
ஒன்பது முறை மேல்சுற்று மாற்றி.
உள்ளே இருப்பது அதே பந்துதானா என்று
மொஸ்லேம் எழுப்பிய ஆட்சேபம்
இன்னும் நிலுவையில்.

மார்ச்சில் பதுருதீன், பதினேழு பந்தில் ஐம்பது,
ரப்பர் செருப்போடு.
நாற்பத்தாறில் வார் அறுந்தது.
மீதி நான்கை
ஒற்றைச் செருப்பில் நின்று அடித்தான்.

ஏப்ரல் இருபது.
பேனா தீர்ந்துவிட்டது. மரக்கடைக்காரர்களிடம்
தச்சுப் பென்சில் கடன் வாங்கி எழுதியது இது:

தனுஷ்கோடி தட்டிவிட்டு ஓடினான்.
பாதிப் பிச்சில் சட்டைப்பை அதிர்ந்தது.
ஊரிலிருந்து யாரும் அழைப்பதில்லை,
நாம்தான் அழைப்போம், கார்டு சுரண்டி.
நின்றுவிட்டான்.
பந்து தாத் கரீமின் கையில்.
குச்சி மூன்றடி தூரத்தில்.
அடி, அடி என்று நான்கு மொழிகளில் கத்தினார்கள்.
தாத் கரீம் பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தான்,
டேப் பந்துக்கும் பளபளப்பு வரும் என்பதுபோல.
அப்புறம் கத்தலும் நின்றது.
தூரத்தில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும்.

போனை மடித்தான்.
மடித்த பிறகும் நின்றான்.
மீதி பத்தடியை நடந்தே கடந்து
மட்டையைக் கோட்டுக்குள் வைத்தான்.
அதன்பிறகுதான் தாத் கரீம் குச்சியைத் தட்டினான்,
சும்மா, விதி என்று ஒன்று இருக்கிறதே.

ஒற்றை ஓட்டம். நான்கு நிமிடம் பதினொரு விநாடி.
ஸ்கோர் எழுதுகிறவன் கடிகாரத்தைப் பார்க்காமல்
வேறெதைப் பார்ப்பது?
என்ன சேதி என்பதற்கு
என் நோட்டில் கட்டம் இல்லை.
மட்டையைப் பதுருதீனிடம் தந்துவிட்டு
லாரி நிழலுக்குப் போனான்.

ஜூன் ஒன்று. தாத் கரீமின் ஓவர்.
டயர்க் கடைக்கு மூன்று பந்தில் ஏழு வேண்டும்.
ஜும்மாவுக்கு பாங்கு சொன்னார்கள்.
மீதியை அடுத்த வெள்ளி பார்க்கலாம் என்று
குச்சிகளை நட்டபடியே விட்டுப் போனோம்.

அடுத்த வெள்ளிக்கு முன்னால் ஒரு புதன் வந்தது.
கோனு என்று புயலுக்குப் பெயர்.
படுகைக்குத் தன் ஆறு ஞாபகம் வந்துவிட்டது.
வடக்கு எல்லைமேல் தெற்கு எல்லையைத்
தலைகீழாகத் தூக்கி வைத்துவிட்டுப் போனது.
பிச் எங்கே இருந்தது என்பதில்
இரு அணிகளுக்கும் இன்றுவரை உடன்பாடில்லை.

கோடவுனில் நோட்டு மூன்று நாள் தண்ணீருக்குள்.
ஆறு பூஜ்யமும் பதுருதீனின் ஐம்பதும்
ஒரே நீலமாகக் கரைந்து கிடந்தன.
மேலே சொன்னதற்கெல்லாம் நான்தான் சாட்சி,
என்னை நம்பாதவர்கள் உண்டு.
பென்சில் எழுத்து மட்டும் அழியவில்லை.

செப்டம்பரில் தாத் கரீம் குவாதருக்கே போய்விட்டான்,
மூன்று பந்து பாக்கியோடு.

அதற்கடுத்த வாரம் தனுஷ்கோடி வந்தான்.
அந்தப் பக்கத்தைக் காட்டு என்றான்.
விரல் வைத்துப் படித்தான்.
‘பேசினது மூணு நிமிஷம் ஐம்பத்திரண்டு செகண்டுதான்.
போன்ல இருக்கு.’
மீதி?
‘பத்தொம்பது. அதை என் பேர்ல எழுதாதே.’

உதிரிகள் கட்டத்தில் எழுதினேன்:
19, தாத் கரீம்.