ஈத்து எண்ணிக்கை

மேட்டூர் திறந்து நாற்பத்திரண்டு நாள்.
தலைஞாயிறு வரை தண்ணீர் வரவில்லை.
மேற்கே பார்த்தே பழகிய ஊர்கள் இவை.
கிழக்கிலிருந்து ஒன்று வந்திருக்கிறது என்று
வனக்காவலர் பூபேஷ் போன் செய்தபோது
விடிகாலை ஐந்தரை.
"நீங்க மாட்டு டாக்டர்தான், தெரியும்.
ஆனா வேற ஆள் இல்ல மேடம்."

வேதாரண்யம் தாண்டினால் இருபுறமும் உப்பு.
கீற்று வேய்ந்த குவியல்கள்,
குடிவராத தெரு மாதிரி.
கோடியக்காட்டில் ஒரு மட்டக்குதிரை
ஜீப்புக்கு வழிவிட யோசித்தது.
கோடியக்கரையில் இரண்டு கடை திறந்திருந்தன.
ஒன்றில் டீ. மற்றதில் கடைசிப் பாலாப்பழம்.
கலங்கரை விளக்கம் மட்டும் நிமிர்ந்து நின்றது;
ஊரில் வேறெதற்கும் அந்த உயரம் தேவைப்படவில்லை.

சேறு, முழங்கால் வரை.
கவிழ்ந்த வள்ளம் என்றுதான் தூரத்தில் நினைத்தேன்.
கிட்டே போனால், தோல்.
சுட்ட கத்தரிக்காய்போல
வெயில் பட்ட இடமெல்லாம் உரிந்து.

இதுவரை நான் அறுத்ததில் பெரியது
ஒரு கோயில் யானை.
அதற்குப் பெயர் இருந்தது,
அழ ஒரு பாகன் இருந்தான்.
இதைச் சுற்றி நூறு செல்போன்கள்.
"வயித்துல அம்பர் இருந்தா கோடிக்கணக்குலயாமே?"
என்றது கூட்டத்தில் ஒரு குரல்.
பூபேஷ் லத்தியை முட்டியில் தட்டிக்கொண்டார்.

கையில் இருந்தது கால்நடைப் படிவம்தான்.
இனம். நிறம். கொம்பு.
காது வில்லை எண்.
காதைத் தேடினேன்.
கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை,
என் சுண்டுவிரல் நுனிகூட நுழையாது.
இத்தனை பெரிய கடலை இதன் வழியாகவா கேட்டாய்?
உரிமையாளர் பெயர்: கோடு போட்டேன்.
"கடல்னு எழுதுங்க" என்றான் உதவியாளன் தங்கையன்.
அவனே சிரிக்கவில்லை.

அடிவயிற்றில் கீறல்போல் இரண்டு மடிப்பு.
கை தானாகப் போனது.
இருபது வருஷம் மடி பிடித்த கை,
கட்டைவிரலை மடக்கி
மேலிருந்து கீழாக.

பால்.
வெண்ணெய்க்கு முந்தின பதத்தில்
வழியாமல் விரலிடுக்கில் நின்றது.

தங்கையன் என்னைப் பார்த்தான்.
பிறகு இருவரும் கடலைப் பார்த்தோம்.

மூன்று மணிக்குமேல்தான் மேலே விடுவார்களாம்.
சேற்றுக்காலோடு நின்றவளிடம்
அப்பலராஜு சீட்டுக் கேட்கவில்லை.
மசூலிப்பட்டினத்துக்காரர்.
"கப்பல் வந்தா எழுதுவோம், மழை எழுதுவோம்.
இது எழுத நோட்டு இல்ல மேடம்" என்றபடி
பைனாகுலரைத் துடைத்துக் கொடுத்தார்.

மேலிருந்து
ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் காடு.
வாய்க்கால் ஒன்று
கடலைத் தொடாமலே காய்ந்து கிடந்தது.
ஜேசிபி மஞ்சள் பூச்சியாய்க் குழி பறித்தது.
ஒவ்வோர் அலைமுகட்டையும் முதுகு என்று நம்பினேன்.
நாலு மணி. ஐந்து.
ஒருமுறை தொலைவில் ஏதோ மூச்சு விட்டது.
விசைப்படகுப் புகை என்றார் அவர்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

கன்று செத்தால்
தோலில் வைக்கோல் திணித்துப்
பசுவின் முன் நிறுத்துவோம்.
நக்கும். சுரக்கும்.
தாய் செத்த கன்றுக்கு
வைக்கோல் தாய் கட்ட
யாரும் சொல்லித் தரவில்லை.
மேலும், எந்தத் துறையில் நிறுத்துவது?

இருட்டியதும் விளக்கு சுழலத் தொடங்கியது.
புது மண்மேட்டுக்கு மேலாகப் போனது,
கடலுக்குள் நீண்டது,
ஒன்றும் கொண்டுவராமல் திரும்பியது.
மறுபடி போனது.

ஜீப்பில் படிவத்தை முடித்தேன்.
ஈத்து எண்ணிக்கை: தெரியவில்லை.
குறிப்பு: கறவையில் இருந்தது.
அதற்கு அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை,
ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்.

நாலு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை வாடை.
மறுநாள் நீர்முளையில்
சினை பார்க்கப் போன செவலை மாடு
என் கையை முகர்ந்தது.
விடாமல் முகர்ந்தது.
மூக்கணாங்கயிறு இழுத்தும் திரும்பவில்லை.
பிறகு உதைத்தது.