பாதிக்குச் சற்று மேல்

டனீடினில் ஜூலை என்றால்
கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிய பிறகுதான் காலை.
செங்குத்தான எங்கள் தெருவில்
சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து நிற்கிறது
அறுபத்திரண்டாம் வருடத்து மோரிஸ் மைனர்,
வெங்காயத்தாள் பச்சையில்.

இறந்துபோன மிஸ் கோரிகலின் சாமான்களோடு
ஏலத்தில் வந்தது.
சாவியோடு சேர்த்துத் தந்தார்கள்
ஒரு மரக் கிளிப்.
துணி காயப்போடும் சாதாரணக் கிளிப்.
கொடிக்கு ஆகும் என்று கொண்டுபோய்
ஒரு காலுறையை மாட்டிவைத்தேன்.

முதல் வாரம் முழுக்க அவமானம்.
டாஷ்போர்டில் சோக் குமிழை இழுப்பேன்.
எஞ்சின் இரண்டு முறை இருமும், பிடிக்கும்.
கையை எடுத்ததும் குமிழ்
நத்தைக் கொம்பு மாதிரி உள்ளே போய்விடும்.
அணையும்.
மறுபடி இழுப்பேன், மறுபடி, மறுபடி,
பெட்ரோல் நாற்றம் தலைக்கேறும்வரை.
எதிர்வீட்டு டங்கன் பர்னெட்
திரைச்சீலை விலக்கிப் பார்ப்பார்.
பார்ப்பது உதவியில் சேராது.

சனிக்கிழமை நைரி வந்தாள்,
பேக்கரி இரவுப்பணி முடிந்து,
புருவத்தில் மாவோடு.
"சோக் என்றால் தொண்டையை நெரிப்பது.
ஒரு தகடு மூடும். காற்று குறையும், பெட்ரோல் கூடும்.
அப்பாவின் லாரியில் பார்த்திருக்கிறேன்."
"அந்தத் தகட்டைக் காட்டு" என்றேன்.

பானெட்டைத் தூக்கி, வடிகட்டியைக் கழற்றினோம்.
தொண்டை இருந்தது.
அதற்குள் ஒரு குட்டி பிஸ்டன் இருந்தது.
தகடு இல்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்து நான் குனிய
உள்ளே உட்கார்ந்து அவள் இழுத்தாள்.

முதல் அரை அங்குலத்துக்கு அடியில் எதுவும் அசையவில்லை.
பக்கவாட்டில் ஒரு பல் மட்டும் நகர்ந்து
த்ராட்டிலை மயிரிழை திறந்தது.
"இன்னும்" என்றேன், டார்ச்சோடு,
அவளுக்கு அது "ன்னம்" என்று கேட்டிருக்கும்.
இழுத்தாள்.
கார்புரேட்டரின் அடிவயிற்றிலிருந்து
ஒரு சின்னப் பித்தளைக் குழாய்
கீழே இறங்கியது.
அவ்வளவுதான்.

பிஸ்டனிலிருந்து ஓர் ஊசி அந்தக் குழாய்க்குள் தொங்குகிறது,
மேலே பருத்து, நுனியில் மெலிந்து.
குழாய் இறங்க இறங்க
மெலிந்த பக்கம் வாயில் நிற்கும்,
சுற்றிலும் இடம் விடும்,
பெட்ரோல் தாராளமாக ஏறும்.
பெயர் நெரிப்பு.
நடப்பது வாய்திறப்பு.
நைரிக்கு இதில் கொஞ்சம் கோபம்.

குளிரில் பெட்ரோலுக்கு ஆவியாக மனமில்லை.
பாதி வழியில் குழாய்ச் சுவரில் ஒட்டி
ஈரமாக உட்கார்ந்துவிடும்.
பத்துப் பேரை அழைத்தால் மூவர் வரும் கல்யாணம்.
முப்பது பேரை அழைத்தால்தான் பந்தி நிறையும்.
சூடேறிவிட்டால் அழைத்தவர் அத்தனை பேரும் வருவார்கள்.
அப்போதும் அழைத்துக்கொண்டே இருந்தால்
இலை போதாது:
கறுப்புப் புகை, பிளக்கில் கரி.

இவ்வளவும் புரிந்தது.
குமிழ் மட்டும் நிற்கவில்லை.

துடைக்கத் துணி தேடியபோது
முன்பெட்டியில் ஒரு நோட்டு அகப்பட்டது.
பென்சிலில், சின்ன எழுத்தில்:
*உறைபனி. முழுதும். தேவாலயம்வரை.*
*மழை. பாதிக்குச் சற்று மேல். பால்கடைத் திருப்பம்வரை.*
*வடமேற்குக் காற்று. வேண்டாம்.*
பக்கத்துக்குப் பக்கம் கீழே, கோடிட்டு:
*கிளிப்!*

நைரி என்னைப் பார்த்தாள்.
நான் கொல்லைக்கு ஓடினேன்.

காலுறை பலகையாக விறைத்திருந்தது.
கிளிப்பைப் பிடுங்கிவந்து
இழுத்த குமிழின் கழுத்தில் கவ்வ வைத்தேன்.
இருமல். இன்னொன்று.
பிறகு நிற்காத ஓசை,
சற்று உரத்து, அவசரமாக.
திரைச்சீலை மூடிக்கொண்டது.

இறக்கத்தில் கிளம்பினோம்.
தேவாலயம் இருந்த இடத்தில் இப்போது டயர் கடை.
அங்கே கிளிப்பை எடுத்தேன்.
குமிழ் தானே உள்ளே போனது,
எஞ்சின் குரல் ஒரு படி இறங்கி
அங்கேயே நின்றது.
"சீக்கிரம் எடுத்துவிட்டாய்" என்றாள் நைரி.
"இல்லை" என்றேன்.
பால்கடைவரை அதே வாக்குவாதம்.

நோட்டில் எழுதினேன்:
*உறைபனி. முழுதும். டயர் கடைவரை.*
கீழே அவள் எழுதினாள்:
*இன்னும் ஒரு தெரு.*

காலுறை பின்சீட்டில்
மெல்ல இளகிக்கொண்டிருந்தது.