பாதி விலை

கோசெக் கோட்டைச் சுவரை ஒட்டிச்
சனிக்கிழமைச் சந்தை.
தேன் கடைக்கும் மணிக் கடைக்கும் நடுவே
கெலெமெனின் தோல் கடை.
கயிற்றில் வாய் பிளந்து தொங்கின
பதினோரு அம்பறாத்தூணிகள்.

அதுவரை என் அம்புகளைச் சுமந்தது
மழைநீர்க் குழாயில் வெட்டிய ஒரு துண்டு.
அடியில் பழைய காலுறை,
தோளில் மாட்ட சைக்கிள் டியூப்.
திடலில் நான் நடந்து வருவது
நான் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வேலையிலும் நான் சத்தம் கேட்பவள்தான்.
சொம்பதெய் நிலையத்தில்
சரக்குப் பெட்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டுவேன்.
நல்ல சக்கரம் கணீரென்று பதில் சொல்லும்.
விரிசல் விட்டது இருமும்.
அந்தப் பழக்கத்தில் தூணிகளையும்
விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனேன்.
வாங்காமல் தட்டுகிறவளைப்
பார்க்கும் தர்ப்பூசணிக்காரர் முகம்
கெலெமெனுக்கு வந்தது.

முதலில் முதுகுத் தூணி.
ஓநாய் பொறித்தது, விளிம்பில் முயல் ரோமம்.
கண்ணாடியில் பார்த்தேன்; கம்பீரம்தான், மறுக்கவில்லை.
விலைச்சீட்டு கீழே விழுந்தது. குனிந்தேன்.
ஆறு அம்பும் என் தலைக்கு மேலாகச் சரிந்து
தேன்காரர் காலடியில் விழுந்தன.
கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது குதிரை வீரர்களுடையது,
பித்தளைக் குமிழ்களோடு.
என்னிடம் குதிரை இல்லை.
ஒரு சைக்கிள் உண்டு,
அதுவும் இப்போது டியூப் இல்லாமல் நிற்கிறது.

மூன்றாவது ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை.
அகன்ற வாய்.
அடியில் ஆட்டுத்தோல், ரோமம் மேல்நோக்கி.
மதிப்பெண் எழுதும் பென்சிலுக்கு ஒரு சின்னப் பை,
முனைச் சேறு துடைக்கக் கம்பளிக் குஞ்சம்.
தட்டினேன். தொப்.
அவ்வளவுதான்.
அந்தத் ‘தொப்’புக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று
அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அது வலப்பக்கம் தொங்கத் தைத்தது.
நான் நாணை இடக்கையால் இழுப்பவள்.
இடப்பக்கம் மாற்றி மாட்டினால்
அம்புகள் பின்னால் சாய்ந்து
அடுத்தவர் விலாவை விசாரிக்கின்றன.

“இடக்கையா?” என்றார் கெலெமென்.
மேசைக்கடியில் குனிந்து
ரொட்டிப் பை ஒன்றைப் பிரித்தார்.
அதே வாய், அதே ஆட்டுத்தோல்,
எல்லாம் எனக்கேற்ற பக்கம்.
நெற்றியில் மட்டும் இரண்டெழுத்து: வே. பே.

“யாரோ செய்யச் சொன்னார்,
பாதிப் பணம் கட்டினார், வரவில்லை.
மூன்று குளிர்காலம் ஆகிறது.
மீதிப் பாதியை நீ கொடு, போதும்.
ஒரு தோலுக்கு இரண்டு விலை வாங்க மாட்டேன்.”
“அவர் வந்தால்?”
“உன் நம்பரைக் கொடுப்பேன்.
நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.”

குனிந்து பார்த்தேன். குதித்துப் பார்த்தேன்.
கோட்டை வாசல் வரை ஓடித் திரும்பினேன்,
குழந்தைகள் சிரிக்க.
ஓர் அம்பும் முணுமுணுக்கவில்லை.
பதினாலாயிரம் ஃபோரின்ட்டை எண்ணி வைத்தேன்,
கூடவே என் நம்பரையும்.

அள்ள அள்ள அறாதது என்று
தூணிக்குப் பெயர் வைத்தவர்
மதிப்பெண் அட்டையைப் பார்த்ததே இல்லை போலும்.
என்னுடையது ஆறில் அறுந்துவிடும்.
ஆறையும் தேடிப் புல்லுக்குள் நடக்க வேண்டும்.

திடலில் ஒர்ஷோயா நெற்றியைப் படித்தாள்.
“எதெல்கா, யார் இந்த வே. பே.?”
“பங்காளி,” என்றேன்.
அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.
பலகையைத் தொடுவதெல்லாம் எனக்கு,
பாய்க்குப் பின்னால் போவதெல்லாம் அவருக்கு.
பாவம், ஆகஸ்டில் அவர் மிக மோசமாக எய்தார்.

தெரியாத எண் அழைத்தால்
இன்றும் ஒரு நொடி கை நிற்கிறது.
இதுவரை பல் மருத்துவமனை,
ஒருமுறை காப்பீட்டுக்காரர்.

நேற்று தூறல்.
விரல் ஈரத்தில் வழுக்கி,
நான் விடுவதற்கு முன்பே போய்விட்ட அம்பொன்று
நட்ட நடு மஞ்சளில் நின்றது.
ஒர்ஷோயா பென்சிலை ஓங்கியபடி
என்னைப் பார்த்தாள்.
நான் தூணியைப் பார்த்தேன்.

“பாதி பாதி போடு,” என்றேன்.