இடஞ்சுழி

டிசம்பர் இருபத்தேழு. நெஸ்மர்ஸீல் துறையில்
கடல் பின்வாங்கிப் போயிருந்தது.
சேற்றில் படகுகள் ஒருச்சாய்ந்து கிடந்தன.
இங்கே படகுக்கு நேரம் சொல்வது
கடிகாரம் அல்ல, ஓதம்.
காலைப் படகில் பிள்ளைகளோடு வந்தவன்
நார்டன் கடைவீதியில் அவர்களுக்கு மழைப் பூட்ஸ் வாங்கித் தந்ததில்
திரும்பும் படகைத் தவறவிட்டு
என் வாசலில் நிற்கிறான், கோட்டுப் பைக்குள் கைகளோடு.
அடுத்தது ஏழேகாலுக்கு.
இப்போது மணி இரண்டு.

ஐந்தேகால் மணி நேரம்.
விவாகரத்துத் தாளில் இதற்கென்று ஒரு பத்தி இல்லை.

யெல்ட்டோவும் அன்ட்யேவும் மாடிக்கு ஓடிவிட்டார்கள்,
ஈரக் காலுறைகளைப் படிக்கொன்றாய் உதிர்த்தபடி.
"மழை," என்றான் ஐலெர்ட்.
வடகடல் ஓரத்தில் பிறந்த ஒருவன்
அங்கேயே பிறந்த ஒருத்திக்கு
அறிவிக்க வேண்டிய செய்திதான்.
"டீ போட்டிருக்கேன்," என்றேன்.
போட்டிருக்கவில்லை.

பிரிந்தபோது எல்லாவற்றையும் பங்கிட்டோம்.
வீடும் காரும் எனக்கு, தோணியும் நாயும் அவனுக்கு,
கடன் சரிபாதி.
சிவப்பு ரோஜா வரைந்த டீ செட்டில்
கெண்டியும் அதைச் சூடாக வைக்கும் பித்தளைத் தாங்கியும் எனக்கு.
ஆறு கோப்பைகளில் மூன்று
அவனோடு பால்ட்ரம் தீவுக்குப் படகேறின.
வக்கீல் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

கெண்டியை வெந்நீர் விட்டு அலம்பினேன்.
ஆளுக்கொரு கரண்டி இலை, கெண்டிக்கு ஒன்று.
தாங்கிக்குள் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால்
மேசைமேல் மூன்றே கோப்பைகள்.
எனக்கென்று கண்ணாடி டம்ளரை எடுக்கப் போனேன்.
அவன் பையிலிருந்து கையை வெளியே எடுத்தான்.
கையில் ஒரு கம்பளிக் காலுறை.
காலுறைக்குள் கோப்பை.
"விருந்தாளி வந்தா நீ டம்ளர்ல குடிக்கிறியாமே.
அன்ட்யே சொன்னா,"
என்றான், சுவரைப் பார்த்து.

சூடான டீ மேலே விழுந்ததும் கற்கண்டு விரிந்தது,
மெல்லிய பனிப்பாளத்தை யாரோ மிதித்தாற்போல.
அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக
இந்த ஊரில் பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடுவார்கள்.
பேசாதிருந்த நாங்கள்
இன்னும் பேசாதிருந்தோம்.

பாலேட்டை விளிம்போரமாய்ச் சின்னக் கரண்டியால் இறக்க வேண்டும்,
இடஞ்சுழியாக, கடிகாரத்துக்கு எதிராக:
டீ தீரும்வரை நேரம் நிற்கட்டும் என்று.
கலக்கக் கூடாது.
அடிக்குப் போன வெள்ளை தானே பூத்து மேலே வரும்.
முதல் வாயில் பாலேடு, நடுவில் கசப்பு,
இனிப்பு கடைசியில்தான்.
பதினோரு வருஷம்
நாங்கள் கலக்கிக்கொண்டே இருந்தோம்.

மூன்று கோப்பை இங்கே விருந்தாளியின் உரிமை.
போதும் என்று யாரும் வாயால் சொல்வதில்லை,
கோப்பைக்குள் கரண்டியை நிறுத்தினால் புரிந்துவிடும்.
முதல் கோப்பைக்குக் கூரைத் தகரம் ஒழுகுவதைப் பேசினோம்.
இரண்டாவதுக்கு அவன் அம்மாவின் இடுப்பு அறுவை.
மூன்றாவதின்போது பிள்ளைகள் இறங்கி வந்தார்கள்.
புத்தாண்டுக்குச் சுட்ட சுருள் அப்பத்தை யெல்ட்டோ
தொலைநோக்கியாக்கி எங்களைப் பார்த்தான்.
"தூரத்துல ரெண்டு பேர் தெரியறாங்க," என்றான்.
ஒரே சமயம் சிரித்தோம்,
ஒரே சமயம் நிறுத்தினோம்.

மூன்றாவதும் தீர்ந்தது.
கரண்டி தட்டிலேயே கிடந்தது.
நான் கேட்கவில்லை, ஊற்றினேன்.
ஐந்தாவதிலும் கிடந்தது.
கெண்டியில் மறுபடி இலை போட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே எப்போது இருட்டியது என்று
இருவருக்கும் தெரியாது.

ஆறரைக்கு அவன் கரண்டியை எடுத்து
விரல்களுக்கிடையே கொஞ்ச நேரம் வைத்திருந்து
உள்ளே நிறுத்தினான்.
டிங் என்றது.

அவன் டார்ச் வெளிச்சம் கரைமேட்டில் ஏறி
அந்தப் பக்கம் இறங்கிப் போனது.
கோப்பையை எடுத்துப்போக மறந்திருந்தான்.
மறந்தான் என்றே வைத்துக்கொள்கிறேன்.
அடியில் கரையாத கற்கண்டு, பாதி நகமளவு.
கழுவி அலமாரியில் வைப்பதா
காலுறைக்குள் திருப்பிப் போடுவதா என்று நான் நிற்கையில்
அன்ட்யே விரல் விட்டு வழித்து நக்கிவிட்டு,
"இது யாரோடது?" என்றாள்.