ஏழு நிமிடம்

மெமோவில் என் பெயர் டெல்லி பாபு.
டில்லிபாபு என்று திருத்தித் தரக் கேட்டேன்.
பெயர்த் திருத்தத்துக்கு மூன்றாம் நம்பர் படிவம்,
படிவம் தீர்ந்துபோச்சு, திங்கட்கிழமை வா என்றார்கள்.
ஆக, ஏழு நிமிடம் தாமதமாய் வந்தவன்
டெல்லி பாபு என்கிற
நான் பார்த்தேயிராத ஒருவன்.
சம்பளம் பிடித்தது மட்டும் என்னிடம்.

என் வீட்டுக்கும் மணலி கம்பெனிக்கும் நடுவில்
கொருக்குப்பேட்டை கேட்டு.
விழுகிற நேரம் எனக்குத் தெரியும்.
எழுகிற நேரம்
மேலே ஓடுகிற கூட்ஸுக்கே தெரியாது.
ஒருநாள் சாவு வண்டி ஒன்று
என் பக்கத்தில் நின்றது.
பறைக்காரர்கள் இறங்கி பீடி பற்றவைத்தார்கள்.
பொணமே காத்துனு கீது, உனக்கின்னா அவசரம்
என்றார் டீக்கடைக்காரர்.
பொணத்துக்குப் பஞ்சிங் இல்லண்ணே என்றேன்.

மனிதவள அதிகாரி ரகுநந்தன்
மேஜைமேல் கள்ளிச்செடி வளர்க்கிறார்.
குரலை உயர்த்தவே மாட்டார்.
கேட்டு மூடியிருந்தது, சரி.
மூடியிருந்ததுக்கு ஆதாரம்?
எழுத்தில் வேண்டும். சீல் வேண்டும்.
ரயில்வே லெட்டர்பேடு என்றால் நல்லது.

ஷிப்டு முடிந்து
ஆயில் டிரம் உருட்டிய கையோடு
கேட்டறைக்குப் போனேன்.
ஷைலஜா என்று சட்டையில் பெயர்.
நெல்லூர்ப் பக்கம், தமிழைக் கொஞ்சம் சாய்த்துப் பேசினார்.
இரண்டு போன், சுருட்டிய கொடிகள்,
தட்டால் மூடிய சோறு.
எப்ப மூடினேன், எப்ப தொறந்தேன்
எல்லாம் நோட்ல இருக்கு.
வெளியாளுக்குக் காட்டக்கூடாது, ரூலு.

சரிக்கா என்று எழுந்தேன்.
உட்காரு என்றார்.
நோட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாள்.
போன மாதம் ஓர் ஆம்புலன்ஸுக்காக
நாலு நிமிடம் கேட்டை மூடாமல் வைத்தாராம்.
நிலக்கரி வண்டி சிக்னலில் நின்றுவிட்டது.
விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.
ஆம்புலன்ஸ் வந்ததுக்கு ஆதாரம், எழுத்தில்.
ஆஸ்பத்திரியில் கேட்டீங்களா?
கேட்டேன். பேஷண்டு பேர் என்னன்னாங்க.
உள்ள யாரு இருந்தாங்கன்னு
எனக்கு எப்படிப்பா தெரியும்?

போன் அடித்தது.
கண்ணாலேயே என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு
எண்ணொன்றை இரண்டு தரம் உரக்கச் சொன்னார்.
கேட்டு விழுந்தது.
இப்போது வீட்டுக்குப் போகவும் தாமதம்.

மறுநாள் காலை
என் சைக்கிளுக்குப் பக்கத்தில்
வெள்ளைக் கார், ஏற்றிய கண்ணாடி.
ரகுநந்தன்.
கும்பிட்டேன். போனைப் பார்ப்பதுபோல் இருந்தார்.
வேறு வேலையில்லை,
பெட்டிகளை எண்ணினேன்.

அன்றைய விளக்கக் கடிதத்தில் இப்படி எழுதினேன்:
ஐயா, இன்று ஐம்பத்தெட்டு பெட்டி.
பதினோராவதின் கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.
கடைசிக்கு முந்தையதில் ஒரு காக்கா.
சாட்சி, எனக்கு இடப்பக்கம் நின்ற
தங்கள் கார்.

இரண்டாம் நாள் பதில் வந்தது.
பணி நேரத்தில்
மேலதிகாரியின் வாகனத்தை நோட்டமிட்டது குறித்து
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
விளக்கமளிக்கத் தவறினால்.

டிரம்முக்குப் பின்னால் குந்தி
நாலு தரம் படித்தேன்.
சங்கத்து ஏகவல்லி அக்காவிடம் கொடுத்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரும் படித்தார்.
முதல் இரண்டு வார்த்தையில்
விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் எடுக்கவில்லை.

பணி நேரத்தில்.
அவர்களே எழுதியிருக்கிறார்கள்.
கையெழுத்து இருக்கிறது, சீல் இருக்கிறது,
பெயர்கூட இந்தமுறை டில்லிபாபுதான்.
அப்படியென்றால் கேட்டடியில் நின்ற ஏழு நிமிடமும்
நான் வேலையில் இருந்திருக்கிறேன்.

பிடித்த சம்பளத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறோம்.
ஜெராக்ஸ் ஒன்று ஷைலஜாவுக்கும் கொடுத்தேன்,
எதற்காவது உதவும்.
எத்தனையாம் நம்பர் படிவம் என்றுதான்
ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை.
திங்கட்கிழமை வா என்கிறார்கள்.