மூன்று கிழமை

தொண்டைக்குள் கமராவை விட்டுப் பார்த்த டொக்டர்
திரையை என் பக்கம் திருப்பினார்.
குரல்நாண் இரண்டிலும்
அரிசிக் குறுணல் அளவில் ஒவ்வொரு கட்டி.
"ரீச்சர்மாருக்கும் மீன் ஏலம் கூறுறவைக்கும் வாறதுதான்.
மூண்டு கிழமை கதைக்கப்படாது.
குசுகுசுக்கிறது அதைவிடக் கூடாது."

பஸ்சில் விரல்விட்டு எண்ணினேன்.
தவணை தொடங்க இருபத்திரண்டு நாள்.
எட்டு எட்டாகவே எண்ணிப் பழகிய விரல்
இரண்டு ஆவர்த்தனம் முடித்து
மூன்றாவதில்
ஆறாம் அட்சரத்தில் நின்றுவிட்டது.

சுன்னாகத்துக் கொப்பிக் கடையில் துண்டு நீட்டினேன்:
சீ.ஆர். கொப்பி மூன்று, சிவப்புப் பேனை இரண்டு,
சுருதிப்பெட்டிக்குப் பற்றரி.
காது கேளாதவள் என்று நினைத்தாரோ,
ஸ்ரேசன் வரை கேட்கும்படி விலை சொன்னார்.
மிச்சக் காசின் மேல்
இரக்கத்தோடு ஒரு ரொபியும் வைத்தார்.
தோடம்பழ ரொபி.
வேண்டாம் என்று எழுதத் துண்டு இருக்கவில்லை.

அறை துப்புரவாக்கப் போன நாள்
மழை எனக்கு முன்னமே வந்து போயிருந்தது.
ஆர்மோனியத் துருத்திக்குள் எலி
போன வருடத்து நிகழ்ச்சி நிரலைக் கிழித்துக் கூடு கட்டியிருந்தது.
புவனேந்திரன் சேர் வாசலில் நின்று
ஒன்றொன்றாய்க் கேட்டார்.
ஓம் என்று தலையாட்டுவது சுகம்,
இல்லை என்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும்.
கேற்றடிக்கு வந்தபோது
வலைப்பந்தாட்டமும் தேநீர்க் காசுக் கணக்கும்
என் பொறுப்பாகியிருந்தன.

இரவில் பாடக்குறிப்பு.
கற்பித்தல் முறை என்ற கட்டத்தில்
பதினாறு வருடமாய் ஒரே வசனம்:
ஆசிரியர் பாடுவார், மாணவர் திரும்பப் பாடுவர்.
இம்முறை பேனை
ஆசிரியர் என்று எழுதிவிட்டு
மை காயும்வரை பேசாமல் இருந்தது.

திருவெம்பாவைக்குக் கோயிலில்
எல்லோரும் பாட
நான் வாயை அசைத்தேன்.
பக்கத்தில் நின்ற அன்னபூரணி ரீச்சருக்கே தெரியவில்லை.
அவ்வளவு திறமாகச் செய்தேன்.
எட்டாம் பாட்டில்தான் நினைவு வந்தது,
இதை நான் யாரிடம் படித்தேன் என்று.

பரிசளிப்பு விழாவுக்கு முதல்நாள்
ஏழு பி யதுசிகன்.
ஒரு கிழமைக்குள் குரல் உடைந்து
மேல் ஸட்ஜம் கேட்டால்
தகரம் இழுபடும் சத்தம் வந்தது.
"நீ சும்மா வாயை அசை. காணும்," என்றேன்.
பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.
அடுத்த நாள் மேடையில்
இரண்டாம் வரிசை, இடது கரையில்
வரவேற்புப் பாட்டு முடியும்வரை அசைத்தான்.
தொட்டி மீன்போல,
ஒரு சொல்லும் பிழைக்காமல்.

விடிந்ததும் சுருதிப்பெட்டியை எடுத்தேன்.
எப்போதும் ஐந்து கட்டையில் கிடக்கும் முள்ளை
ஒரு கட்டைக்கு இறக்கினேன்.
அறை முழுக்க
வெறும் தண்ணீர்த் தாங்கிக்குள் காற்றுப் போவதுபோல ஒரு முழக்கம்.
இதில் நிற்பான். இதில் நிற்கும் அவன் குரல்.
எட்டு பிக்கு இனி இரண்டு சுருதி என்று
கொப்பியில் சிவப்பால் எழுதி
அடிக்கோடும் போட்டேன்.

வகுப்புப் பட்டியல் நேற்று வந்தது.
பதினேழாம் இலக்கத்தில் இருக்கிறான்.
பெயருக்கு நேரே
சங்கீதம் வெட்டப்பட்டு
சித்திரம் என்றிருக்கிறது.
அவனுடைய எழுத்துத்தான்.
அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறது.

தவணை தொடங்க இன்னும் இரண்டு நாள்.
டொக்டர் அனுமதிக்கும் முதல் சத்தம்
ஸட்ஜமாக இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.
சித்திர அறை
கன்ரீனுக்குப் பின்னால், கிணற்றடி தாண்டி.
கூப்பிட்டால் கேட்கிற தூரமில்லை.
நடந்துதான் போகவேண்டும்.

கண்ணாடிக்கு முன் நின்று
அவன் பெயரை வாய்க்குள் அசைத்துப் பார்க்கிறேன்.
ய, து, சி.
சுருதிப்பெட்டி ஒரு கட்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.
பற்றரி வீண்தான்.
நிற்பாட்டவில்லை.